வலியைப் புகழாதீர்கள்

போன மாதம் ஒரு புத்தக வெளியீடு. “வலிதான் எழுத்தாளனின் மூலதனம்” என்றார் மேடையில் ஒருவர். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பெரியம்மா பக்கத்தில் இருந்திருந்தால் என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பார்.

பெரியம்மாவுக்கு வலது கன்னத்தில் வலி. பல் துலக்கினால், ஒரு வாய் சோறு மென்றால், ஃபேன் காற்று பட்டால்கூட ஷாக் அடித்த மாதிரி இருக்கும். சில விநாடிதான், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. பல் டாக்டர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். வலி போகலை. அடுத்ததையும் பிடுங்கினார். அப்புறம் “எல்லாம் மனசுதான்” என்றார்கள். சொந்தக்காரர்களோ “என்ன பொறுமை பாருங்க!” என்று மெச்சினார்கள். நான் அந்த முகத்தை வைத்து ஒரு கவிதை எழுதினேன். நிறைய லைக் விழுந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் பத்தே நிமிஷத்தில் சொன்னார்: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா.

முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று கிளை. அந்த நரம்பு செல்களின் சவ்வில் சோடியம் வாய்க்கால்கள் இருக்கின்றன. புரதத்தால் ஆன குட்டிக் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சமிக்ஞை கிளம்பும். ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில் கதவு தானே அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகுதான் மறுபடி திறக்கும். இந்த நோய் வந்த பலருக்கு மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் நரம்பின் வேரை அழுத்துகிறது. நரம்பின் மேலுறை தேய்கிறது. அதன்பின் ஒரு சின்னத் தொடுகை போதும், அந்த நரம்பு நிறுத்தாமல் வெடிக்கும்.

மருந்தின் பெயர் கார்பமாசெபைன். 1953இல் சுவிட்சர்லாந்தின் கைகி நிறுவனத்தில் உருவானது. இந்த வலிக்கு அது கேட்கிறது என்று 1962இல் தெரியவந்தது. ஓயாமல் திறந்து மூடும் வாய்க்கால்களைத்தான் அது அதிகம் பிடித்து வைக்கும், அதனால் சாதாரணத் தொடுகை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. தலைசுற்றும், தூக்கம் வரும், ரத்தத்தில் சோடியம் குறையவும் கூடும். இருந்தாலும் இன்றைக்கும் முதலில் எழுதிக் கொடுப்பது இதைத்தான். அதாவது, என் கவிதைக்கும் பிடுங்கிய இரண்டு பல்லுக்கும் பல வருஷம் முன்பே இந்த மாத்திரை இருந்தது.

“வலி இல்லாமல் மனிதன் உண்டா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, வட பாகிஸ்தானில் வலியே தெரியாத சில குடும்பத்தினரைப் பற்றியது. என்ஏவி1.7 என்ற ஒரே ஒரு சோடியம் வாய்க்கால் அவர்களுக்கு வேலை செய்யவில்லை. அந்த ஊர்ப்பக்கத்துச் சிறுவன் ஒருவன் தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டும் தணலில் நடந்தும் வித்தை காட்டுவான். பதினான்கு வயது முடிவதற்குள் ஒரு கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போனான். ஆக, வலி ஓர் அபாய மணி. அது வேணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மாவின் முகத்தில் நெருப்பே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. அது எதைக் கற்றுக்கொடுத்தது? எந்த ஞானத்தைத் தந்தது?

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பொறுத்துப்போகிற பெண்ணைக் கொண்டாடிக் கொண்டாடியே கதை வளர்த்தவர்கள் நாம். அந்தப் பாராட்டும் சேர்ந்துதான் பெரியம்மாவின் வாயை அடைத்தது. வலியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் “முகத்தில் ஷாக் அடிக்குது” என்று யாராவது சொன்னால் முதலில் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கவிதை காத்திருக்கும்.

என்னுடையதை அழித்துவிட்டேன்.