பூட்டி வைத்ததும் விற்றதும் ஒன்றல்ல

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, கைமாறும்போது 1 சதவீத டிடிஎஸ் என்று 2022-இல் விதித்தீர்கள். அது கூடுதலா, குறைவா என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. கேட்க நினைப்பது ஒன்றுதான். ஒருவர் தன் ஈத்தர் எனும் கிரிப்டோ நாணயத்தை எத்தீரியம் என்ற பிளாக்செயினிலிருந்து ஆர்பிட்ரம் என்ற வலையமைப்புக்குக் கொண்டுபோகிறார். யாருக்கும் விற்கவில்லை, அனுப்பியவரும் பெற்றவரும் அவரேதான். இது கைமாற்றமா, இல்லையா?

பதில் சொல்ல, அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு பரிவர்த்தனைத் தொகுப்பு. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் அதே கணக்கைத் தானும் போட்டுச் சரிபார்ப்பதால் வேகம் குறைவு. நெரிசல் வந்தால் கட்டணம் எகிறும். 2021-இல் ஒரு டோக்கனை மாற்ற 50 டாலருக்கு மேல் அழுதவர்கள் உண்டு. கணக்கை வெளியே போட்டுவிட்டு, விவரத்தையும் முடிவையும் மட்டும் எத்தீரியத்தில் பதிவோம் என்று வந்ததுதான் ரோல்அப் எனும் இரண்டாம் அடுக்கு.

அப்படியொரு ரோல்அப்பான ஆர்பிட்ரமுக்குப் போகிறவரின் ஈத்தர் எத்தீரியத்தை விட்டு எங்கும் போவதில்லை. அங்குள்ள ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது தானே இயங்கும் நிரலில், பூட்டப்படுகிறது. அதே தொகை அந்தப் பக்கம் வரவாகிறது. சீக்வென்சர் என்ற கணினி பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தி, கட்டுக்கட்டாகச் சுருக்கி எத்தீரியத்தில் பதிகிறது. 2024 மார்ச் 13 அன்று வந்த டென்கன் மேம்பாடு இதற்கென்றே ‘பிளாப்’ என்ற மலிவான இடத்தை ஒதுக்கியது. அங்கே வைத்த தரவு சுமார் 18 நாள்தான் இருக்கும். கட்டணம் சரிந்தது அதன் பிறகே.

சீக்வென்சரை நடத்துகிறவர் பொய்க்கணக்கு எழுதினால்? ஸ்டார்க்நெட் போன்ற ரோல்அப்கள் ஒவ்வொரு கட்டுக்கும் கணிதச் சான்று தருகின்றன. ஆர்பிட்ரம் வழி வேறு: பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி, கணக்கை வெளியிட்டு ஆட்சேபனைக்கு அவகாசம் விடுகிறது. ஆட்சேபனை வந்தால் தகராறு ஒரே ஒரு கணக்குப் படி வரை சுருக்கப்படும். அந்த ஒரு படியை மட்டும் எத்தீரியம் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பணத்தைத் திருப்பி எடுக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆவது இதனால்தான்.

இதுவரை எல்லாம் நன்று. ஆனால் இரண்டாம் அடுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டதெல்லாம் ஒரே தரமல்ல. ஆப்டிமிசம் என்ற ரோல்அப் 2021 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்தது; ஆட்சேபிக்கும் வசதி 2024 ஜூனில்தான் வந்தது. நடுவில் பணம் போட்டவர்கள் நம்பியது கணிதத்தை அல்ல, மனிதர்களை. அதே ஜூனில் லினியா என்ற இன்னொரு இரண்டாம் அடுக்கில் வெலோகோர் என்ற பரிமாற்றத் தளம் கொள்ளைபோனபோது, நடத்துகிறவர்களே பிளாக் போடுவதை நிறுத்தினார்கள். நல்லெண்ணம்தான். ஆனாலும் திருடனுக்காக நிறுத்தியபோது மற்ற எல்லோருக்கும் சேர்த்தே நின்றது. நம்மவர்கள் தொடங்கிய பாலிகானின் பிஓஎஸ் சங்கிலியையும் பலர் இரண்டாம் அடுக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்குத் தனி வேலிடேட்டர்கள் (சரிபார்ப்பவர்கள்), அதன் கணக்கை எத்தீரியம் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆர்பிட்ரமில் சீக்வென்சர் ஒருவரைப் புறக்கணித்தால், அவர் தன் பரிவர்த்தனையை நேரே எத்தீரியத்தில் எழுதலாம். ஒரு நாள் கழித்து அதைச் சேர்த்தே ஆக வேண்டும். எல்லைக்கோட்டை இங்கேதான் போட வேண்டும் என்பேன். நடத்துகிறவர் தடுத்தாலும் தன் ஈத்தரைத் தானே மீட்க முடிகிறவரை, அது பூட்டி வைத்த சொத்து. வரித்துறைக்கு அங்கே வேலையில்லை. இன்னொருவர் கையெழுத்துப் போட்டால்தான் மீளும் என்றால், அது ஒப்படைத்த சொத்து. அந்த இன்னொருவர் யார் என்பதை இங்கே ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இதில் நெளிவுசுளிவு இல்லாமல் இல்லை. ஆர்பிட்ரமிலேயே 12 பேர் கொண்ட பாதுகாப்புக் குழுவில் 9 பேர் சேர்ந்தால், அவசரம் என்று சொல்லி மென்பொருளை உடனே மாற்றலாம். ஆகவே சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் பிராண்டு பெயர்களைப் பட்டியலிட வேண்டாம்; நிறுத்தும் அதிகாரமும் மாற்றும் அதிகாரமும் யார் கையில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு என்று கேட்கட்டும். நேரடி வரிகள் வாரியம் இதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அடுத்த கணக்குத் தாக்கலுக்கு முன் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகன்