கான்சாகிபும் சென்னைப் பட்டாளமும்

சென்னைக் காலாட்படையின் சரித்திரத்தை, 1758-ல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் துரை கும்பினிச் சிப்பாய்களைப் பட்டாளங்களாக வகுத்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். லாரன்ஸுக்குரிய மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அச்சிப்பாய்களை அதற்கு முன்னரே போர்க்களத்தில் நடத்திச் சென்ற தமிழ்நாட்டார் ஒருவர் உண்டு. அவருடைய சமாதி மதுரை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

இராமநாதபுரம் சீமைப் பனையூரிற் பிறந்த யூசுப்கான், கும்பினிச் சிப்பாய்களுக்கெல்லாம் தளகர்த்தராக உயர்ந்தவர். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று பகைவரை ஓயாது அலைக்கழித்தவர் அவரே. பின்பு மதுரைச் சீமையின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1763-ல் நவாபு முகம்மது அலிக்கு அடங்க மறுத்தார். கும்பினியார் நவாபின் பக்கம் நின்றனர். அவர் முன்னின்று நடத்திய படையே அவர்மீது ஏவப்பட்டது. முதல் முற்றுகை பலிக்கவில்லை. 1764-ல் மீண்டும் வளைத்தும், கோட்டைச் சுவரை வெல்ல முடியாதவர்கள் துரோகத்தால் வென்றனர். உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 15-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவர் குற்றமற்றவரென்று நாம் வாதிக்க வரவில்லை. 1761-ல் புலித்தேவரின் கோட்டைகளைக் கும்பினிக்காகப் பிடித்தவரும் அவரே. அதை மறைத்துப் பேசுவது வக்கீல் வாதம். அத்தொழிலிற் பழகியும் இங்கே அதற்கு நாம் உடன்படோம்.

பின்னர் நடந்ததென்ன? இந்தியச் சிப்பாயின் உயர்வு சுபேதார், சுபேதார் மேஜர் என்ற படிகளோடு நின்றது. தலை நரைத்த சுபேதாரும் நேற்றுக் கப்பலிறங்கிய வெள்ளை வாலிபனுக்குக் கீழ்ப்பட்டவரே. 1942-ல் கரியப்பா ஒரு பட்டாளத்தின் தலைமையை ஏற்றபோது, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் என்று கொண்டாடினர். இதற்கிடையில், 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு உதவார் என்று முடிவு கட்டினார். அக்கொள்கை வேரூன்றி, 1920-களில் சென்னை ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. ஹிட்லரும் ஜப்பானியரும் நெருக்கியபோதுதான் தென்னாட்டார் வீரம் மறுபடியும் துரைமார் கண்ணுக்குத் தெரிந்தது. 1940-களின் தொடக்கத்தில் ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டது.

இன்று அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அங்கே சேரும் ஒவ்வோர் இளைஞனுக்கும், லாரன்ஸின் பெயரோடு யூசுப்கானின் பெயரும், அவர் வென்ற சண்டைகளும், அவர் தூக்கிலேறிய காரணமும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட வேண்டுமென்று ராணுவ இலாகாவை நாம் கேட்டுக்கொள்கிறோம்.