வளையுற பட்டை வந்தாச்சு. விரல்ல குத்துறதை நிறுத்தலாமா?

1/ "வியர்வையிலேயே சுகர் பார்க்கலாம், இனி ரத்தம் வேண்டாம்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஓபிக்கு வர்றவங்க போனை நீட்டிக் காட்டுறாங்க. தயவுசெய்து அதை நம்பி இன்சுலின் அளவை மாத்தாதீங்க. ஏன்னு சொல்றேன்.

2/ வீடியோவில் பட்டையை மடக்குவாங்க, முறுக்குவாங்க. நாமும் கை தட்டுவோம். ஆனா சுகரை அளக்கிறது அந்த பிளாஸ்டிக் இல்லீங்க. உள்ளே இருக்கும் மின்முனையின் மேற்பரப்பு. அதைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தை கிடையாது.

3/ இந்தப் பட்டைகள் பலவற்றில் இருப்பது மின்வேதி டிரான்சிஸ்டர். தண்ணீர்க் குழாயும் திருகும் மாதிரி நினைச்சுக்கோங்க. திருகுதான் 'கேட்' மின்முனை. அதன் மேல் பூசிய என்சைம் குளுக்கோஸைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அதில் திருகு லேசாக அசைந்தாலே ஓட்டம் நன்றாக மாறும். அருமையான யோசனைதான்.

4/ ஆனா யூரிக் அமிலம், வைட்டமின் சி, பாராசிட்டமால்கூட அதே திருகை அசைக்கும். டிரான்சிஸ்டர் உண்மையைப் பெருக்குகிற மாதிரியே பொய்யையும் பெருக்கும். வியர்வையில் இருக்கும் குளுக்கோஸோ ரத்தத்தில் இருப்பதில் மிகச் சிறு பங்கு.

5/ அதனால நிஜமான போராட்டம் மேற்பரப்பில்தான் நடக்கிறது. பரப்பைக் கூட்ட பிளாட்டினம் நுண்துகள். வைட்டமின் சி, யூரிக் அமிலத்தைத் தள்ளி நிறுத்த எதிர்மின்னூட்டமுள்ள நாஃபியான் படலம். என்சைமைப் பிடித்து வைக்க கைட்டோசான். இத்தனையும் தோலோடு வளைந்து வளைந்து உரியாமல் நிற்கணும்.

6/ உங்க வீட்டு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் என்சைம் பூசிய மின்முனைதான். ஒரு சொட்டு ரத்தம், ஒரு ரீடிங், குப்பைத் தொட்டி. பட்டை நாள் முழுக்க வியர்வையில் ஊறி உழைக்கணும்.

7/ முன்னாடியே சூடு பட்டிருக்கோம். 2001இல் அமெரிக்க எஃப்டிஏ 'குளுக்கோவாட்ச்' கருவியை அனுமதித்தது. தோல் எரிச்சல், வியர்த்தால் விட்டுப்போகும் ரீடிங், அப்புறமும் விரலில் குத்தி ஒப்பிடணும். சந்தையில் நிலைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அதே எஃப்டிஏ, தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று எச்சரித்தது.

8/ "டாக்டர், ஆராய்ச்சிக்கே எதிரியா நீங்க?" இல்லவே இல்லை. மேற்பரப்போடு மல்லுக்கட்டும் விஞ்ஞானிகளுக்குக் கும்பிடு. கோபமெல்லாம், ஆய்வகத்தில் பாதி வெந்ததைப் பந்தியில் பரிமாறுபவர்கள் மேல்தான்.

9/ பொய்யாக ஏறிய ரீடிங்கைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், ராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கும். பொய்யாக இறங்கியதைப் பார்த்து ஊசியை நிறுத்தினால், கீட்டோன் ஏறி ஐசியூ. பட்டை விற்றவர் அங்கே வரமாட்டார்.

10/ அடுத்த வீடியோ வந்தா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை பேருக்கு ரத்தத்தோடு ஒப்பிட்டீங்க? எத்தனை நாள் வியர்வையில் தாங்கும்? பாராசிட்டமால் போட்டா என்ன காட்டும்? பதில் வரும்வரை விரல்ல குத்துங்க. வலிதான், ஆனா அந்த எண்ணை வெச்சுத்தான் நான் மருந்து எழுத முடியும்.