அந்த இரைச்சலுக்கு எதுக்கு சார் நல்ல ஹெட்ஃபோன்?

விலை உயர்ந்த ஆடியோ சாமான்கள் மட்டும் விற்கும் கடை அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரெல்லாம் நுரைப்பஞ்சு, நடுவில் ஒரு தோல் சோபா. கடைக்காரர் மிக மரியாதையாக, "என்ன சார் கேப்பீங்க?" என்றார். "ராக். கொஞ்சம் மெட்டல்" என்றேன். நட்சத்திர ஓட்டலில் பழைய சோறு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அந்த இரைச்சலுக்கு எதுக்கு சார் இவ்ளோ செலவு? பேஸ் நல்லா அடிக்கிற மாதிரி ஒண்ணு தரேன்" என்று கீழ்த்தட்டுக்குக் குனிந்தார்.

மேல்தட்டு ஹெட்ஃபோன்களைப் போட்டுக்காட்ட அவரிடம் தனியாகச் சில பாட்டுகள் இருந்தன. மெதுவாகப் பாடும் ஒரு பெண்குரல், பின்னால் ஒரு பியானோ, அவ்வளவுதான். இந்த ஊரில் மட்டுமல்ல, உலகம் பூராவும் ஆடியோ ரசிகர்களின் வழிபாட்டுப் பாடல் இந்த மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்தப் பாட்டின் மேல் கோபம் இல்லை. அதை வைத்து ஹெட்ஃபோனைச் சோதிப்பதன் மேல்தான் கோபம்.

ஒரு குரலும் ஒரு பியானோவும் சுமாரான டப்பாவில்கூட நன்றாகத்தான் கேட்கும். காலியான மைதானத்தில் இரண்டு பேர் நிற்பதுபோல; யாரும் யாரையும் மறைப்பதில்லை. ராக் என்பது தேர்த்திருவிழாக் கூட்டம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். கிட்டாரை ஓவர்டிரைவில் போட்டு முறுக்கினால் ஒவ்வொரு சுரத்திலிருந்தும் பத்துப் பதினைந்து மேல்சுரங்கள் கிளம்பி வந்து நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதே இடத்தில் இரண்டாவது கிட்டார். அதே இடத்தில் பாடகரின் குரல். அதே இடத்தில் ஸ்னேர் டிரம். இத்தனை பேரையும் தனித்தனியாக அடையாளம் காட்டுவதுதான் ஒரு ஹெட்ஃபோனுக்கு வைக்கக்கூடிய கடினமான பரீட்சை. ஓரிடத்தில் மூன்று டெசிபல் குழி விழுந்தாலும் அங்கே நிற்கிற ஆள் காணாமல் போவார். ஆக, ராக் கேட்பவனுக்குக் கீழ்த்தட்டு போதும் என்று சொல்கிறவர் பரீட்சையையே தலைகீழாக வைத்திருக்கிறார்.

பெட்டியின் மேல் தங்க நிறத்தில் 'நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலி ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வருகிறது. பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அந்த ஸ்பீக்கர் படுத்துவிடும். அதனால்தான் அந்த முரட்டுத்தனம் காதைக் கிழிக்காமல் இருக்கிறது. சிம்பலுக்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதக் காது இருபதாயிரத்தோடு சரி. முப்பதைத் தாண்டிய நமக்கு அதுவும் கிடையாது. மிச்சத்தை வௌவாலுக்காக வாங்குகிறோம்.

இப்போது கீழ்த்தட்டுக்கு வருவோம். 'பேஸ் நல்லா அடிக்கும்' என்று விற்கப்படும் ஹெட்ஃபோன்களில் கீழ் அதிர்வெண்களையும் மேல் அதிர்வெண்களையும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்கியிருப்பார்கள். கடையில் முப்பது விநாடி கேட்டால் அபாரமாக இருக்கும். மின்னணு நடன இசைக்கு அது பொருந்தவும் செய்யலாம். ஆனால் ராக் குடியிருக்கும் வீடே நடுப்பகுதிதான். அதைப் பள்ளமாக்கினால் கிட்டார்காரர் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் இருக்கும்.

அப்போது நாம் என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வருடம் அப்படி ஒரு ஹெட்ஃபோனோடு ஆபீஸ் பஸ்ஸில் ஓஎம்ஆரில் போய்வந்தேன். இன்ஜின் சத்தத்தில் பேஸ் கரையும், நடுப்பகுதி ஏற்கெனவே பள்ளம், விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும். காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் ஒன்றேகால். முப்பத்துமூன்றாவது வயதில் ஒருநாள் ராத்திரி, மின்சாரம் போய் ஃபேன் நின்ற பிறகும் இடது காதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய, ஓயாத ஒரு கீச்சு. காது பரிசோதனையில் கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸில் தொபுக்கென்று கீழே விழுந்து மறுபடி ஏறியது. பரிசோதித்தவர், "இது பொதுவா மெஷின் சத்தத்துல நிக்கிறவங்களுக்கு வர்றது. எந்த ஃபேக்டரி சார்?" என்று கேட்டார். "ஐடி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்கு வாரம் 5 மணி நேரம்தான். என் பஸ் பயணம் மட்டும் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி. ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் செவிக்கோளாறால் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலக வேண்டியிருந்தது. தி ஹூவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு ஸ்டுடியோ ஹெட்ஃபோன்களைத்தான் காரணமாகச் சொன்னார். மேடையில் சுவர் மாதிரி ஆம்ப்களை அடுக்கிவைத்து வாசித்த மனிதர்!

நல்ல ஹெட்ஃபோன் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். ஆடம்பரம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள், "இருநூறு ரூபா இயர்ஃபோன்ல கேக்காததா மச்சான்?" என்கிறார்கள். கேட்கும், மச்சான். எந்த வால்யூமில் என்பதுதான் கேள்வி. குறைந்த சத்தத்தில் எல்லாமே காதில் விழுந்தால் கை பொத்தானுக்குப் போகாது.

இதில் என் குற்றமும் உண்டு. நாய்ஸ் கேன்சலிங் என்றால் எனக்கு இளக்காரம். 'சிக்னலில் கை வைக்கிறான்' என்று ஒரு பொறியாளனின் அசட்டுத் தூய்மைவாதம். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்கிறவனுக்கு அதுதான் வேண்டும், இல்லையென்றால் காதை இறுக மூடும் ரகம். பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்கள் விசாலமான ஒலி தரும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு வெளியே போகும். அவை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்க.

இதற்காக மேல்தட்டுக்காரர்கள் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். ஜெரோன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பே தெரியவில்லை. கூடுதல் காசு உலோகத்துக்கும் தோலுக்கும் பெயருக்கும் போகலாம். 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506, 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. பஞ்சு கிழிந்தால் பஞ்சை மட்டும் மாற்றலாம். (எச்டி 600, 300 ஓம். ஃபோனில் நேரடியாகச் சொருகினால் திணறலாம், சின்ன ஆம்ப் தேவைப்படும்.) லட்ச ரூபாய்க்கு வாங்கிவிட்டு அதைவிட நன்றாகக் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'-இல் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸைக் கேட்பதற்காக ஹெட்ஃபோன் மேல் ஹெட்ஃபோன் மாற்றுகிறவர்கள். அது மிக்ஸிங்கிலேயே ஏறக்குறைய புதைக்கப்பட்டுவிட்டது. கோடி ரூபாய் கொடுத்தாலும் தோண்டி எடுக்க முடியாது. அதே குழுவின் 'டெத் மேக்னட்டிக்' 2008இல் வந்தபோது சிடியில் ஒலியை அளவுக்கு மீறி நசுக்கிவைத்திருந்தார்கள். கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்குக் கொடுத்த அதே பாடல்கள் அதைவிடத் தெளிவாக இருந்தன. ரசிகர்கள் மனுப் போட்டார்கள். ஹெட்ஃபோனைத் திட்டும் முன், கேட்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

அன்று கடையில் என் ஃபோனை நீட்டி, லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட 'வென் த லெவீ பிரேக்ஸ்' போடச் சொன்னேன். ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக்கூடத்தில் பான்ஹமை உட்காரவைத்து, மேலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிந்த டிரம்ஸ் அது. அந்தக் கூடத்தின் உயரம் காதுக்குத் தெரிய வேண்டும். ஒன்றைவிட ஒன்று சத்தமாக ஒலித்தால் சத்தமானதுதான் சிறந்தது என்று காது நம்பிவிடும். சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும் என்று பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்துவிட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்கு, குறைத்துவைத்துக் கேட்டேன். கீழ்த்தட்டில் டிரம் மட்டும் இருந்தது, ஹார்மோனிகாவைக் காணோம். மேல்தட்டில் ஹார்மோனிகா ஊசி மாதிரி குத்தியது, கூடத்தைக் காணோம். நடுத்தட்டில் தூசி படிந்து ஒன்று இருந்தது. அதில் மூன்றும் இருந்தன.

"இது ரொம்ப ப்ளெய்னா இருக்கும் சார், யாரும் கேக்கறதில்ல" என்றபடி பில் போட்டார்.

ஒன்பது மாதமாக அதில்தான் கேட்கிறேன். வால்யூம் பாதியைத் தாண்டவில்லை. இடது காதின் கீச்சு அப்படியேதான் இருக்கிறது, ராத்திரியில் ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்துக்கொள்கிறேன்.