வாய்ப்பு கொடுத்தாச்சு என்பவர்களுக்கு

"பொம்பளைகளுக்கு எல்லா வாய்ப்பும் கொடுத்தாச்சு. இனிமே முன்னுக்கு வர்றது அவங்க கையிலதான் இருக்கு." பேராவூரணிக் கடைத்தெருவில் கேட்கிற இதே பேச்சைத்தான், கொஞ்சம் மெருகேற்றி, தொழில்துறைக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். படித்தவர்களே நம்பிச் சொல்வதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியைப் பாருங்கள், பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளில் பெண் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்களே என்பது முதல் வாதம். மறுக்கவில்லை. உயர்கல்வியில் சேரும் விகிதத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு?

நம் பக்கம் தென்னைதான் பிழைப்பு. ஒரு தேங்காய் மண்டிக்குள் போய்ப் பாருங்கள். பி.காம். முடித்த பெண் டாலியில் கணக்கு ஏற்றுகிறாள், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறாள். எந்த லாரியில் எத்தனை காய் போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். காங்கேயத்திலிருந்து வியாபாரி கூப்பிட்டால் மட்டும் போன் பக்கத்தில் நிற்கும் பையன் கைக்குப் போகிறது. அவன் பிளஸ் டூவோடு நின்றவன். விலை பேசிப் பேசியே தொழிலைக் கற்றுக்கொண்டு சில வருடங்களில் தனியாக மண்டி போடுகிறான். அவள் அதே நாற்காலியில் இருக்கிறாள். வியாபாரத்தின் உயிர் விலை பேசுவதில் இருக்கிறது; அங்கே அவளை விடவே இல்லை. இதற்குப் பெயர் வாய்ப்பா?

எம்.பி.ஏ. போன்ற பெரிய படிப்புக்குப் பெண்கள் தாங்களாகவே வருவதில்லை என்பது அடுத்தது. கோழிக்கோடு ஐ.ஐ.எம். தன் சேர்க்கை முறையைத் திருத்தியது. 2013-இல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். நாடு முழுக்க இருந்த பெண்களின் ஆசையும் அறிவுமா ஒரே வருடத்தில் மாறிவிட்டது? மாறியது சேர்க்கை விதி.

இதைச் சொன்னதும் "அப்போ தகுதி என்னாவது?" என்று கேட்பார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர் செய்தன. அதனால்தான் 2019 முதல் முன்னணி 500 நிறுவனங்களில் அந்தப் பெண் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கட்டாயப்படுத்தியது. தகுதி அளவுகோலை முதலில் கைவிட்டது யார்? தமிழக அரசு வேலையில் 1989-லேயே பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதனால் எந்தத் தாலுகா அலுவலகமும் நின்றுபோகவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்பது, "கல்யாணம் ஆனா நின்னுடுவாங்க" என்பது. நிற்கிறார்கள், ஆமாம். எந்த வேலையிலிருந்து நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடைப் பெண் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை நின்றபடியே புடவை பிரித்துப் போடுகிறாள். ஆள் வராத நேரத்தில் அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள், மேற்பார்வையாளர் வந்தால் நிமிர்ந்துவிடுவாள். அவளுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் பிறகும் இருக்கை போடாத கடைகளை நான் பார்க்கிறேன். கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், கைக்குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். குழந்தைக் காப்பக விதி குறைந்தது 50 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான். நம் ஊரில் பெரும்பாலான கடைகள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. இத்தனையும் சேர்ந்து வெளியே தள்ளிய பிறகு அதை அவள் விருப்பம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கக் கணக்குகளை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஊதிய வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகு விரிகிறது.

"26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை நான் எப்படிக் கொடுப்பது" என்று சிறு முதலாளி கேட்பது நியாயமான கவலை. அதை நான் தள்ளவில்லை. ஆனால் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்து, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்ணைச் சேர்த்திருந்தால், தகுதியுள்ளவருக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. பதிவே செய்யாமல் வைத்துக்கொண்டு செலவைக் காரணம் காட்டக் கூடாது.

இதெல்லாம் பட்டணத்துச் சங்கதி, கிராமத்துக்கு ஒத்துவராது என்பார்கள். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, கிராமத்தில்தானே நடக்கிறது? நமக்கு அடுத்த புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டியை ஆண்கள் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912-இல் முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு புகட்ட வந்த அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போதும் ஊருக்கு ஒத்துவராது என்றவர்கள் இருந்தார்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனத்திடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பெண்கள் மேற்பார்வையாளர்கள், பிரசவத்துக்குப் பின் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், பத்துப் பேராவது இருந்தால் பாலியல் புகாருக்கான உள் குழு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த கடையில் சேரும் பிள்ளைக்கு, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு ஒன்று சட்டப்படி உண்டு என்பதை வகுப்பிலேயே சொல்லி அனுப்புங்கள்.