பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் திரும்ப ஏற வேண்டும்

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. தனியார் நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் காஸ்ட் அக்கவுண்டன்ட்டாக இருக்கிறேன். ஒரு போல்ட் செய்ய எவ்வளவு செலவு, அதில் மின்சாரம் எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு என்று பைசா வரை பிரித்து அடக்கவிலை போடுவது வேலை. வீடு மடிப்பாக்கத்தில், அலுவலகம் பாரிமுனையில். என் சொந்தக் காருக்கு நான் அடக்கவிலை போட்டுப் பார்த்தது ஏழு ஆண்டு ஓட்டிய பிறகு, 2023 டிசம்பரில்.

அது மிக்ஜாம் புயல் மாதம். 3-ஆம் தேதி மாலை மழை வலுத்தது. 2015 வெள்ளத்தை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. தெருவில் ஒருவர் பின் ஒருவராகக் காரை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனோம். நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் ஓரம் நெடுகக் கார்கள் வரிசைகட்டி நின்றன. கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தாள், பெட்ரோல் கணக்கு எழுதும் நீள நோட்டு மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் நடந்தே வீடு திரும்பினேன். அடுத்த இரண்டு நாள் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த நோட்டைப் பிரித்துக் கூட்டினேன்.

2016-இல் வாங்கிய சின்னக் கார். சாலைவரி, பதிவு எல்லாம் சேர்த்து 5,80,000 ரூபாய். ஐந்தாண்டுக் கடனுக்கு வட்டி 1,10,000. இன்று விற்றால் 2,40,000 கிடைக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதைக் கழித்தால் காரை வைத்திருந்ததற்கு மட்டும் 4,50,000. பெட்ரோல் 3,72,000. இன்சூரன்ஸ் 98,000. சர்வீஸ், டயர், பேட்டரி 1,50,000. அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கொடுத்த வாடகை 90,000. ஆக மொத்தம் 11,60,000. ஓடியது 62,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 ரூபாய். வீட்டிலிருந்து பாரிமுனை போய்வர 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 750 ரூபாய். சென்னை மாநகரப் பஸ்ஸில் மாதம் முழுக்க எங்கு வேண்டுமானாலும் ஏறி இறங்க 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. ஒன்றரை நாள் கார் ஓட்டும் செலவில் ஒரு மாதம் பஸ்ஸில் போகலாம். மின்சார ரயிலின் மாத சீசன் டிக்கெட் அதையும்விட மிகக் குறைவு.

கணக்குத் தெரிந்த நான் ஏன் கார் வாங்கினேன்? 2016 ஜூனில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மெயின் ரோடு வரை ஓடினேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வரமாட்டோம் என்றார்கள். கால் டாக்ஸி புக் ஆனது, கேன்சல் ஆனது. மறுபடி புக் ஆனது, மறுபடி கேன்சல் ஆனது. எதிர்வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அவர் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்பா பிழைத்தார். இரண்டு மாதத்தில் எங்கள் வாசலிலும் ஒரு கார் நின்றது.

நடுத்தர வீடுகளில் கார் வந்த கதையைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதை இப்படித்தான் இருக்கும். அந்தஸ்துக்காக வாங்குகிறார்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். ராத்திரியில் ஒன்றும் கிடைக்காது என்ற பயத்தில் வாங்கியவர்களைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. காரை விற்றுவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அவரை டாக்டரிடம் கூட்டிப் போவதற்காக என் கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. ஆபத்துக்கு என்று வாங்கியதை அன்றாடத்துக்கு எடுத்தேன். ஒரே ஆள், நான்கு காலி இருக்கை, தினம் நாற்பது கிலோமீட்டர். கடன் தவணை எப்படியும் போகிறது, ஓட்டாமல் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். கார் வாங்கக் கொடுத்த பணம் எப்படியும் போயாகிவிட்டது என்பதால் அன்றைய பெட்ரோலை மட்டும் செலவாக நினைப்போம். காரோடு ஒப்பிட்டால் பஸ் ஒன்றும் மலிவில்லை என்று தோன்றுவது இந்தத் தப்புக் கணக்கால்தான்.

2024 ஜனவரியில் மறுபடி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டில் வேலை செய்யும் பெண் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “காரு ரிப்பேராக்கா?”

“இல்லம்மா, இனிமே இதுலதான்” என்றேன். அவர் நம்பவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டார். நிழல் என்பது பக்கத்துக் கடையின் தகரக் கூரை போட்ட நிழல். நிறுத்தத்துக்கு என்று ஒரு கூரை இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எப்போது போனது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நடைபாதையில் பைக்குகள். சாக்கடை மூடிகளில் ஒன்று உடைந்து, அதில் யாரோ ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு ரோட்டிலேயே நின்றார்கள்.

அந்தப் பெண் ஒரு பஸ்ஸை விட்டார். அடுத்ததையும் விட்டார். அவர் எதிர்பார்த்தது முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டண பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. “அது வரலைன்னா ஷேர் ஆட்டோல இருவது ரூபா. போக வர நாப்பது. எம்பொண்ணுக்குப் பாலு வாங்குற காசுக்கா அது” என்றார். அன்று அந்த பஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அலுவலகத்தில் இந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் ‘வேலையில்லா நேரம்’ என்று எழுதி, அதற்கும் ஒரு விலை போட்டிருப்பேன். நிறுத்தத்தில் நிற்பவர்களின் நேரத்தை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. கட்டணமில்லாப் பயணம் இந்த மாநிலத்தில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. பஸ் நேரத்துக்கு வந்தால்தான் அதன் முழுப் பலனும் அந்தப் பெண்ணின் கைக்குப் போய்ச் சேரும்.

பஸ்ஸில் ஏறியதும் பழைய சென்னை திரும்பி வந்தது. கண்டக்டர் அவர் சீட்டில் இருந்தார். பத்து ரூபாய் நோட்டு ஒன்று ஐந்து கை மாறி அவரிடம் போனது. டிக்கெட்டும் சில்லறையும் அதே ஐந்து கை வழியாகத் திரும்பி வந்தன. ஒரு ரூபாய் குறையவில்லை. பரங்கிமலையில் இறங்கி மின்சார ரயிலைப் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் ஒருவர் மடியில் கதம்பம் கட்டிக்கொண்டே வந்தார். நாற்பது நிமிடத்தில் கடற்கரை ஸ்டேஷன், அங்கிருந்து நடை. பஸ் உடனே கிடைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரு மணி பத்து நிமிடம். காரில் ஒன்றரை மணிக்குக் குறைந்து நான் போனதில்லை.

இந்த நகரத்துக்கு ரயில் புதிதல்ல. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலை வரை, 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. மெட்ரோ 2015-இல் தொடங்கி 54 கிலோமீட்டராக வளர்ந்தது. இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் மதிப்பில் நடக்கிறது. அதில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் எங்கள் மடிப்பாக்கம் வழியாகவே வருகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை இணைக்க மீதமிருந்த அரைக் கிலோமீட்டர், நிலம் கையகப்படுத்துவதில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்ததையும் நாங்கள் அன்றாடம் பார்த்தவர்கள். வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும், நிறுத்தத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்னத் தூரத்தில்தான் மக்கள் காரா பஸ்ஸா என்று முடிவெடுக்கிறார்கள்.

அந்தச் சின்னத் தூரம் ஏன் சரியாகவில்லை? இதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். பார்க்கிங், வேகத்தடை, தெருமுனையில் கார் திரும்ப இடைஞ்சலாக நின்ற மின்கம்பம். கம்பத்துக்காக மூன்று மனு எழுதினோம், அது நகர்ந்தது. பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் நேரம் கேட்டு உட்காரத் தெரிந்தவர்கள், கவுன்சிலரின் எண்ணைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டோம். நிறுத்தத்தில் மிச்சம் நிற்பவர்கள் ஆறு மணிக்கு வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறவர்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் மனு கொடுக்க அவர்களுக்கு ஏது நேரம்?

பேசினால் நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. மாற்றுத்திறனாளிகள் விடாமல் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். அதன் பலனாக 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓடுகின்றன. நிறுத்தத்தில் வந்து ஒரு பக்கம் சாய்ந்து, படி தாழ்ந்து நிற்கின்றன. சக்கர நாற்காலிக்காரருக்காகக் கேட்ட படியில் இன்று முழங்கால் வலியுள்ள பாட்டியும், கைக்குழந்தைக்காரியும் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். சிலர் போராடியதில் ஊரே பயன் பெற்றது.

அரசிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. 2013-இல் ‘எஸ்’ வரிசை எண்களோடு சின்னப் பஸ்கள் வந்தன. பெரிய பஸ் நுழையாத தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆள் கொண்டுபோக வந்தவை அவை. அந்த யோசனை சரியானது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அதைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் ஐந்நூறு மீட்டருக்கு உடையாத, வண்டி நிற்காத நடைபாதை வேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை போட முடிந்த மாநகரத்துக்கு இது முடியாததல்ல. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் வழி பிறந்தது. இனி கடைசி ரயில் வரும் வரை ஸ்டேஷன் வாசலில் கடைசி பஸ் காத்திருக்கவும் வழி செய்ய வேண்டும். இரவு பதினொன்றுக்கு ஒரு பஸ் நிச்சயம் உண்டு என்று தெரிந்தால் பயத்தில் கார் வாங்குவது குறையும்.

கார் வைத்திருப்பவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பஸ் நிற்கும் நீளத்தில் மூன்று கார் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்று காரில் பெரும்பாலும் மூன்று பேரோ நான்கு பேரோ இருப்பார்கள். பஸ்ஸில் அறுபது பேர். சாலைவரி கட்டியதால் அந்த இடம் நமக்கு எழுதிக்கொடுத்ததாகாது. தெருவோரத்தில் இலவசமாகக் கார் நிறுத்தும் ஒவ்வொரு இடமும் யாரோ நடக்க வேண்டிய இடம். நிறுத்துவதற்குக் கட்டணம் வைத்தால் நான் கொடுப்பேன். அந்தப் பணம் நடைபாதைக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இப்போது நான் வாரத்தில் ஐந்து நாளும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறேன். பஸ் வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் அன்றே தேதி, நேரம், தட எண் போட்டுப் புகார் எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் பஸ் நிறுத்தம் என்ற தலைப்பு இப்போது முதல் வரியில் இருக்கிறது. நிறுத்தத்துக்குக் கூரை கேட்டுக் கொடுத்த மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்து விழுந்தது. முதல் கையெழுத்து “காரு ரிப்பேராக்கா?” என்று கேட்டவருடையது.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காரை விற்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் அதை வாசலில் விட்டுவிட்டு நிறுத்தத்துக்கு வாருங்கள். வெயிலில் நின்று பாருங்கள். பஸ் வராவிட்டால் அதை எழுதுங்கள், கேளுங்கள், விடாமல் கேளுங்கள். நாம் திரும்ப ஏறாமல் இந்த ஊர் பஸ் சரியாகாது.