வரையச் சொல்பவருக்கும் பொறுப்புண்டு

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கதைமாந்தராகவே பேசி ஆடும் விளையாட்டு அது. இத்தகைய விளையாட்டு நூல்களில் எதை, யார், எவ்வாறு வரைய வேண்டுமெனத் தீர்மானிப்பவர் கலை இயக்குநர்.

காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ ஓவியம் பயிலும் நம் பிள்ளை, "இவ்வேலை ஆகுமா?" என்று கேட்டால் கடிந்து அனுப்பிவிடாதீர்கள். உருவம் வரைவதே தம் பிழைப்பு என்று வந்தவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபிகளாரின் எச்சரிக்கையைக் கூறினார்கள். மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு மாற்றுவழியும் காட்டினார்கள் (புகாரி). கோட்டை, காடு, நிலப்படம் ஆகியவையும் அந்நூல்களுக்குத் தேவையே.

ஆயினும், தம் கையால் வரையாததால் பொறுப்பு நீங்கிவிடாது. விலக்கப்பட்டதை மறுக்கும் உரிமை உண்டா என்பதை முதலில் கேட்கட்டும். இல்லையெனில், ஊதியம் எவ்வளவாயினும் விட்டுவிடட்டும். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்வே.